ஒன்பதும் ஒன்றும் பதினொன்று

ஜனவரி 6, திங்கள்

அரையாண்டு விடுமுறை முடிந்து இன்று பள்ளி திறந்தாகிவிட்டது. பாடக்குறிப்பேட்டில் என்ன எழுத வேண்டும் என்பதைத் தலைமையாசிரியர் சொல்லிவிடுவார். இந்த நோட்டில் என்ன எழுத வேண்டும் என்று சொல்ல இந்தத் தூத்துக்குடியில் எவருக்கும் அதிகாரம் கிடையாது. அதற்காகவே வாங்கினேன்.

காலை வணக்கக் கூட்டத்தில் தலைமையாசிரியர் ஞானதிரவியம் சார் மைக்கைப் பிடித்தார். பிப்ரவரி பதினான்காம் தேதி ஆண்டு விழாவாம். மேடைக்குப் பின்னால் 'மனக்கணக்கில் நூறு சதவீதம்' என்று பேனர் கட்டப்போகிறார்களாம். அதற்குள் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் இருபது வரை உள்ள கூட்டலை விரல் விடாமல், எழுதிப் பார்க்காமல், மனசுக்குள்ளேயே போட்டுச் சொல்ல வேண்டும். பேனருக்குப் பள்ளி நிர்வாகச் செயலர் ஏற்கெனவே சொல்லிவிட்டார். பிள்ளைகளுக்குக் கணக்கு வருகிறதோ இல்லையோ, பேனர் வந்துவிடும்.

கூட்டம் முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சுயம்புக்கனி டீச்சர், ஒங்க அ பிரிவ நெனச்சாத்தான் எனக்குப் பயமா இருக்கு. முப்பத்தொண்ணுல ஒண்ணு கொறஞ்சாலும் நூறு வராது, பாத்துக்கிடுங்க."

"முப்பத்தொண்ணும் பிள்ளைங்க சார், செங்கல் இல்ல" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். புது வருஷம் நன்றாகத்தான் தொடங்கியிருக்கிறது.

சாயங்காலம் சாளை மீன் வாங்கினேன். குழம்பு பாதி கொதிக்கும்போது கேஸ் தீர்ந்துவிட்டது. எனக்கென்றே நேரம் பார்த்துத் தீரும் சனியன்.

ஜனவரி 8, புதன்

எட்டும் ஐந்தும் எவ்வளவு? எல்லாப் பள்ளியிலும் சொல்வதைத்தான் நானும் சொல்லிக்கொடுத்து வந்தேன்: "மனசுல எட்டு, கையில அஞ்சு." எட்டை மனசில் வைத்துக்கொண்டு, ஐந்து விரலை நீட்டி, ஒன்பது, பத்து, பதினொன்று என்று மேலே எண்ணிப் போக வேண்டும். இப்போது சார் சுற்றறிக்கை விட்டுக் கையைத் தடை செய்துவிட்டார். எல்லாப் பிள்ளைகளும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் பதில் சொல்ல வேண்டுமாம். சபரீஷ் பெஞ்சுக்கு அடியில் கால் விரலை ஆட்டி எண்ணினான். பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன். காலைப் பற்றிச் சுற்றறிக்கையில் ஒன்றும் இல்லை.

ஜனவரி 10, வெள்ளி

இன்று சார் வகுப்புக்கு வந்து வாய்மொழியாகக் கேட்டார். இனி வெள்ளிதோறும் வருவாராம். ஒன்பது என்றால் அவருக்கு உயிர். எந்தப் பிள்ளையை மடக்க வேண்டுமானாலும் ஒன்பதைத்தான் கையில் எடுப்பார்.

மூன்றாவது வரிசையில் இசக்கிப்ரியா. உப்பளத்துப் பிள்ளை. ஏழு வயசு. கூப்பிட்டால் எழுந்து நிற்பாள். அதற்கு மேல் அவளிடமிருந்து ஒரு சொல் வாங்குவதற்குள் நமக்குத் தொண்டை காய்ந்துவிடும்.

"ஒம்போதும் ஒண்ணும் எவ்வளவு?"

"பதினொண்ணு."

வகுப்பே சிரித்தது. சார் இன்னொரு தடவை கேட்டார். இன்னொரு தடவையும் பதினொன்று. ஒன்பதும் நாலும்? பதினாலு. ஒன்பதும் ஏழும்? பதினேழு. "ஏன் பேந்தப் பேந்த முழிக்கே?" என்று அதட்டினார். உண்மையில் அவள் முழிக்கவே இல்லை. நேராகத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். அதுதான் அவருக்கு இன்னும் எரிச்சல்.

மதியம் அறைக்குக் கூப்பிட்டு ஒரு படிவத்தைக் கொடுத்தார். நாகர்கோவில் பக்கம் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளி ஒன்று இருக்கிறது. அங்கே சேர்க்கப் பரிந்துரை. தாய் கையெழுத்து, வகுப்பாசிரியர் கையெழுத்து, பிறகு அங்கிருந்து ஓர் அம்மா வந்து பிள்ளையைப் பார்த்து முடிவு சொல்வார். பிப்ரவரி பதினான்காம் தேதிக்கு முன்னால் அவள் போய்விட்டால் என் வகுப்பில் முப்பது பேர். முப்பதுக்கு முப்பது. சார் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவு மரியாதை தெரிந்தவர்தான்.

அந்தப் பள்ளியை நான் குறை சொல்லவில்லை. தேவைப்படுகிற பிள்ளைக்கு அது வரம். தேவைப்படாத பிள்ளைக்கு அது பெற்ற தாயை விட்டு மூன்று மணி நேர பஸ் தூரம்.

படிவத்தோடு டிசம்பர் மாத அறிக்கையின் நகல் ஒன்றைச் சேர்த்துப் பின் அடித்திருந்தது. 'எளிய கூட்டலும் வரவில்லை. கவனம் சிறிதும் இல்லை. சிறப்புக் கவனிப்பு தேவை.' குண்டு குண்டான நல்ல கையெழுத்து. எழுதிய புண்ணியவதி யோசித்துத்தான் எழுதினாளா என்று கேட்கத் தோன்றியது.

"பொங்கல் கழிச்சுப் பாப்போம் சார்" என்று சொல்லிப் படிவத்தைப் பைக்குள் திணித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பால் பொங்கியது. வீட்டுக்காரரின் அக்கா குடும்பம், ஏழு பேர். கரும்புச் சக்கையை நான் ஒருத்திதான் கூட்டி அள்ளினேன்.

ஜனவரி 16, வியாழன்

விருந்தாளிகள் கடற்கரைக்குப் போய்விட்டார்கள். எனக்குத் தலைவலி என்று சொல்லி வீட்டில் இருந்துகொண்டேன். பொழுது போகாமல் கணக்கு நோட்டுகளை எடுத்துப் புரட்டினேன். மேலே இருந்தது தற்செயலாக இசக்கியின் நோட்டு.

ஆறும் ஏழும் பதின்மூன்று, சரி. எட்டும் ஐந்தும் பதின்மூன்று, சரி. ஏழும் நாலும் பதினொன்று, சரி. ஒன்பதும் நாலும் பதினாலு, தப்பு. மூன்றும் ஒன்பதும் பதின்மூன்று, தப்பு. ஐந்தும் ஒன்பதும் பதினைந்து, தப்பு. ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை எல்லாப் பக்கமும் பார்த்தேன். ஒன்பது வந்த இடத்தில் மட்டும் தப்பு. தப்பு எல்லாமே ஒன்றே ஒன்றுதான் கூடுதல். ஒரு தடவைகூட இரண்டு கூடவில்லை, ஒரு தடவைகூடக் குறையவில்லை.

கணக்கு வராத பிள்ளை இப்படித் தப்புப் போடாது. அது கண்டபடி போடும். இவள் ஒரு விதி வைத்துக்கொண்டு போட்டிருக்கிறாள். ஐந்து மாதமாகச் சிவப்புப் பேனாவால் சுழித்துக்கொண்டே வந்தவளுக்கு இது கண்ணில் படவில்லை. அவள் கண்ணில் மிளகாய்ப் பொடியைத்தான் தூவ வேண்டும்.

ஜனவரி 20, திங்கள்

சத்துணவுக் கூடத்தில் முட்டை வரும் காகித அட்டை கிடக்கும். முப்பது குழி. அதில் ஐந்தைந்தாக இரண்டு வரிசை வெட்டினால் பத்துக் குழி. மதியம் அப்படி ஒன்றை வெட்டிக்கொண்டு, வெயிலுக்கு வெளியே போக முடியாமல் வகுப்பில் உட்கார்ந்தேன். இசக்கியும் இருந்தாள். இருக்கச் சொல்லியிருந்தேன்.

உடைந்த சாக்பீஸ் துண்டுகளைக் கொடுத்து, "ஒன்பது வையி" என்றேன். எண்ணி எண்ணி வைத்தாள். சரியாக ஒன்பது.

"பத்தும் ஒண்ணும் எவ்வளவு?"

"பதினொண்ணு."

"ஒன்பதும் ஒண்ணும்?"

"அதுவும் பதினொண்ணு."

"அது எப்படிப் பிள்ள? ஒன்பதும் பத்தும் ஒண்ணா?"

யோசித்தாள்.  பிறகு என்னைப் பார்த்து, தெரியாதவளுக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னாள்: "இருபதுன்னா ரெண்டு பத்து டீச்சர். முப்பதுன்னா மூணு பத்து. ஒன்பதுன்னா ஒரு பத்து. பேருதான வேற. எங்கம்மைக்கும் மாரிச்செல்வி, செல்வின்னு ரெண்டு பேரு இருக்குல்லா."

 ஒன்பது. ஒன், பது. அடிப்பாவி! இருபது, முப்பது, நாற்பது என்று அந்தக் குடும்பத்தில் முதல் பிள்ளையாக இதைச் சேர்த்துவிட்டாள். தமிழோ மலையாளமோ பேசுகிற பிள்ளையைத் தவிர உலகத்தில் வேறு எந்தப் பிள்ளைக்கும் இந்தத் தப்பைப் போட வழியே இல்லை.

"யாரு பிள்ள ஒனக்கு இப்படிச் சொல்லிக் குடுத்தா?"

"நீங்கதான சொன்னிய. 'பது வந்தால் பத்து'ன்னு. கை தட்டிப் பாடச் சொன்னியள்லா."

நான் அப்படிச் சொல்லியிருக்க வாய்ப்பே இல்லை. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒன்றைக் கேட்டு ஒன்பதைச் சொல்லும்.

ஜனவரி 21, செவ்வாய்

வகுப்பின் பின்சுவரில் ஆகஸ்ட் மாதம் மாட்டிய அட்டை ஒன்று இருந்தது. 'பது வந்தால் பத்து! இருபது, முப்பது, நாற்பது.' ஸ்கெட்ச் பேனாவில் குண்டு குண்டான எழுத்து. கழற்றிக் கிழித்துப் போட்டேன். ஆணி துருப்பிடித்திருந்தது. தண்ணீர் லாரி வரவில்லை.

ஜனவரி 22, புதன்

மதியம் மறுபடியும் முட்டை அட்டை. ஒன்பது துண்டு வைத்ததும், "இது ஒரு பத்துதானா?" என்று கேட்டேன். குனிந்து பார்த்தாள். ஒரு குழி காலியாக இருந்தது. விரலை அந்தக் குழிக்குள் விட்டுப் பார்த்தாள்.

"இன்னும் நெறயலியே டீச்சர்."

"அப்போ பத்தா?"

"இல்ல." நெற்றியைச் சுருக்கினாள். "பத்து இல்லேன்னா பெறகு எதுக்கு ஒன்பதுன்னு பேரு வச்சாவ?"

"பேரு வச்சவன நான் பாத்தா நாலு வார்த்தை கேக்காம விட மாட்டேன்" என்றேன். உண்மையாகவே சொன்னேன். வீட்டுக்காரர் கல்லூரியில் தமிழ் படித்தவர். ராத்திரிச் சாப்பாட்டின்போது கேட்டதற்கு, பழைய காலத்தில் ஒன்பதுக்குத் தொண்டு என்று பெயர், அது வழக்கொழிந்து போனது, ஒன்பது என்றால் பத்துக்கு ஒன்று குறைவு என்று சொல்வார்கள் என்றார். பத்து வருஷமாக அவருக்குச் சோறு போட்டதற்கு இன்றைக்குத்தான் உருப்படியாக ஒரு பலன்.

ஜனவரி 23, வியாழன்

நான் நினைத்த வழி இது: ஒன்பதும் நாலும் என்றால், நாலிலிருந்து ஒன்றை எடுத்துக் காலிக் குழியில் போடு. பத்து நிறைந்தது. கையில் மிச்சம் மூன்று. பதின்மூன்று. எவ்வளவு அழகு! அட்டையை வைத்து இரண்டு தடவை செய்து காட்டினேன். இசக்கி கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள்.

"எனக்கு இது வேண்டாம் டீச்சர்."

"ஏன் வேண்டாம்?"

"நான் எப்பவும்போல ஒரு பத்துன்னே வச்சுக்கிடுதேன். பத்தும் நாலும் பதினாலு. கடைசில ஒண்ணத் தூக்கி எறிஞ்சிருதேன். பதிமூணு."

தன் தப்பை அப்படியே வைத்துக்கொண்டு, வால் பக்கம் மட்டும் வெட்டிவிட்டாள். ஐந்தும் ஒன்பதும் கேட்டேன். "பதினஞ்சு, ஒண்ணத் தூக்கு, பதினாலு." எட்டும் ஒன்பதும் கேட்டேன். "பதினேழு" என்று கண் இமைப்பதற்குள் வந்தது. என் வழியில் போட்டால் எனக்கே அத்தனை வேகம் வராது. எத்தனையோ பயிற்சி வகுப்பில் பஜ்ஜி சாப்பிட்டிருக்கிறேன், இப்படிச் சொல்லித் தர ஓர் ஆளும் இல்லை.

வகுப்பு முழுக்கவும் அதையே சொல்லிக்கொடுத்தேன். சபரீஷ் காலை ஆட்டுவதை நிறுத்திவிட்டான். ஆறும் ஏழும் கேட்டால், ஆறும் ஆறும் பன்னிரண்டு, கூட ஒன்று, பதின்மூன்று என்று மகிழினி ஒரு வழி சொன்னாள். ஆளுக்கொரு வழி வைத்திருக்கிறார்கள். கையைக் கட்டச் சொன்ன ஆத்திரத்தில் நான்தான் ஒருத்தரிடமும் கேட்கவில்லை.

ஜனவரி 24, வெள்ளி

சார் வந்தார். முப்பது பேரிடம் கேட்டார். இசக்கியைத் தாண்டிப் போனார்.

"சார், இவள விட்டுட்டிய."

"அவ லிஸ்ட்ல இல்ல டீச்சர்."

"வருகைப் பதிவேட்டுல இருக்கா சார். கேளுங்க."

கேட்கவில்லை. பிள்ளைகள் முன்னால் பேச வேண்டாம் என்று அறைக்குப் போனேன். அவளுடைய தப்பு எங்கே இருந்தது, எப்படித் திருத்தினாள் என்று முட்டை அட்டையோடு விளக்கினேன். அவர் காதில் விழுந்ததா தெரியவில்லை. கடைசியில் டிசம்பர் அறிக்கையை எடுத்து மேசையில் வைத்தார்.

"இத எழுதுனது நீங்கதான டீச்சர்? அப்போ பொய்யா எழுதினிய? இல்ல, இப்போ பொய் சொல்லுதிய?"

சரி, எழுதிவிடுகிறேன். கையெழுத்து என்னுடையதுதான். டிசம்பர் இருபத்து மூன்றாம் தேதி, விடுமுறைக்கு முந்தின மதியம், முப்பத்தொரு அறிக்கை. எல்லாருக்கும் ஒரு வரி இரண்டு வரி. வரிசையாக எழுதிக்கொண்டே போனால் கை தானாக ஓடும். எல்லா டீச்சரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஊரில் நான் ஒருத்திதானா?

ஜனவரி 27, திங்கள்

பள்ளி விட்டதும் இசக்கியின் அம்மா மாரிச்செல்வி வந்திருந்தாள். உப்பளத்தில் இப்போது பாத்தி மிதிக்கிற நேரம், சேற்றை மிதித்து மிதித்துக் கால் வெடித்திருந்தது. படிவத்தில் அவள் கையெழுத்து சனிக்கிழமையே ஆகிவிட்டதாம். சார் அவள் வீட்டுக்கே ஆள் அனுப்பியிருக்கிறார்.

"எதுக்கு மாரி போட்ட? பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல."

"நான் விடியமின்ன நாலு மணிக்குப் பாத்திக்குப் போறவ டீச்சர். அங்கன போனா மூணு நேரமும் சோறு, பாத்துக்கிட ஆளுன்னு சார் சொன்னாவ. எனக்குப் படிப்புத் தெரியாது. பள்ளிக்கொடத்துல எழுதியே குடுத்துட்டாவளே, எம்பிள்ளைக்கி மூள பத்தாதுன்னு. நான் என்ன செய்ய?"

"அப்படி யாரும் எழுதல. கவனிக்கணும்னுதான்..."

"வாசிச்சுக் காமிச்சாவளே. யாரு டீச்சர் அத எழுதுனது?"

கத்திரிக்காய் வாங்கினேன். எல்லாம் சொத்தை.

ஜனவரி 29, புதன்

மாரிச்செல்விக்குப் பதில் சொல்லவில்லை. பஸ் வந்துவிட்டது. உண்மையாகவே பஸ் வந்தது.

பிப்ரவரி 3, திங்கள்

வெள்ளிக்கிழமை அந்த விடுதிப் பள்ளியிலிருந்து ஆள் வருகிறார். என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. சார் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு இடம்கூடக் காட்டியிருக்கிறார். நான் எந்த இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று எனக்கே தெரியாதாம்.

இன்று நேரடியாகவே சொன்னார். "ஒரு பிள்ளைக்காக மொத்தப் பள்ளிக்கொடத்தையும் கெடுக்காதிய. செயலருக்குத் தெரிஞ்சா ஒங்களுக்குத்தான் கஷ்டம்."

"கஷ்டம் எனக்கு வரட்டும் சார். பிள்ளைக்கு வர வேண்டாம்" என்றேன். படிவத்தைத் திருப்பி மேசையிலேயே வைத்துவிட்டேன். போட மாட்டேன். பேனரை வேண்டுமானால் சுருட்டி வைக்கட்டும்.

வெளியே வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. காலையில் பி.பி. மாத்திரை போட மறந்திருக்கிறேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

என் கையெழுத்து இல்லாமலே சார் வரவழைத்த அந்த விடுதிப் பள்ளி அம்மா நல்லவராக இருந்தார். பருத்திப் புடவை, தோளில் ஒரு துணிப்பை. இசக்கியைப் பக்கத்தில் உட்கார வைத்து ஊர்க்கதையெல்லாம் பேசினார். படம் காட்டினார், கட்டை அடுக்கச் சொன்னார். சாரும் நானும் மாரிச்செல்வியும் எதிரே நாற்காலியில். மாரிச்செல்வி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

"கணக்குல என்ன வராது சார்?" என்று அந்த அம்மா சாரைக் கேட்டார்.

"சாதாரணக் கூட்டலே வராது மேடம். ஒம்போதும் ஒண்ணும் பதினொண்ணுங்கும். கேட்டுப் பாருங்க."

அவர் இசக்கி பக்கம் திரும்பினார். "ஒன்பதும் ஒண்ணும் எவ்வளவுடா?"

"பத்து."

"ஒன்பதும் ஆறும்?"

"பதினஞ்சு."

சாருக்குப் பொறுக்கவில்லை. "ஒம்போதும் ஒம்போதும் சொல்லு!" என்று குறுக்கே விழுந்தார். இசக்கி அவரைப் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டாள்.  அந்தக் கணக்கை நான் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவே இல்லை.

"ரெண்டு பத்து. ரெண்டத் தூக்கணும். பதினெட்டு" என்றாள்.

"மனப்பாடம் பண்ண வச்சிருக்காவ மேடம்" என்றார் சார்.

"இல்லை சார். அது அவளாவே போட்டது" என்றார் அந்த அம்மா. படிவத்தை மூடினார். "இந்தப் பிள்ளைக்கு எங்க பள்ளி தேவையில்லை. சரி, கணக்கே வராதுன்னு இந்த அறிக்கையை எழுதினது யாரு?"

 சார் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். என்னை விட்டுக்கொடுக்காமல் இருக்க அவர் தயார் என்று தெரிந்தது. நானும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். பிள்ளை தப்பித்தது, என் வேலையும் தப்பித்தது.

எழுந்து நின்றேன். "நான்தான் எழுதினேன் மேடம். பது வந்தால் பத்துன்னு ஆகஸ்டு மாசம் அட்டையில எழுதி மாட்டி, கை தட்டிப் பாட வச்சதும் நான்தான். முப்பத்தொரு பிள்ளையில நான் சொன்னத மெய்யாவே கவனிச்சுக் கேட்டது இவ ஒருத்திதான். கேட்டதுனால தப்பாப் போட்டா. கவனம் இல்லன்னு எழுதிட்டேன். தப்பு பிள்ளையோடது இல்ல, என்னோடது. இத எழுதியும் தாரேன்."

அந்த அம்மா ஒரு தாளை நீட்டினார். அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். சார் முகம் செத்துப்போனது.

மாரிச்செல்வி நன்றி சொல்வாள் என்று நான் நினைத்தேனா? நினைத்திருப்பேன் போலிருக்கிறது. வராந்தாவில் என் பின்னாலேயே வந்தாள். திரும்பினேன்.

"அன்னைக்கிக் கேட்டேனே டீச்சர், யாரு எழுதுனதுன்னு. ஏன் சொல்லல?"

பஸ் வந்துவிட்டது என்று சொல்லத்தான் வாய் வந்தது.

"நீங்க எழுதுனத நம்பி எம்பிள்ளைய நான் அடிச்சேன் டீச்சர். ஒன்பது ஒன்பதுன்னு கேட்டுக் கேட்டு அடிச்சேன். உப்பு வெட்டுத கை இது. நல்லா விழுந்துச்சு."

அவள் அழவில்லை. சொல்லிவிட்டுப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். இதை எழுதும்போது நான் அழுதுகொண்டுதான் இருக்கிறேன், மறைக்க ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 10, திங்கள்

காலையில் மேசை மேல் மெமோ. பள்ளியின் நற்பெயருக்கு வெளியார் முன்னிலையில் களங்கம் விளைவித்ததற்கும், தலைமையாசிரியரின் அனுமதி இன்றி எழுத்து மூலம் வாக்குமூலம் அளித்ததற்கும் மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும். அளித்ததைத் திரும்பப் பெற வேண்டும். முதல் பீரியடிலேயே பதில் எழுதிவிட்டேன். 'வெள்ளிக்கிழமை எழுதியதில் ஒரு புள்ளியைக்கூட மாற்ற மாட்டேன். திரும்பப் பெற வேண்டியது டிசம்பர் அறிக்கை. அதைத் திரும்பப் பெறுகிறேன்.' மூன்று நாள் எல்லாம் எனக்கு எதற்கு?

கொண்டுபோய்க் கொடுத்தபோது சாரின் அறையில் மாரிச்செல்வி நின்றிருந்தாள். யாரிடமோ எழுதி வாங்கிய மனு ஒன்றை நீட்டிக்கொண்டிருந்தாள். இசக்கியை ஆ பிரிவுக்கு மாற்ற வேண்டும். காரணம் என்ற இடத்தில் 'இந்த டீச்சர் வேண்டாம்' என்று இருந்தது.

சாருக்கு மூன்று நாளில் இன்றுதான் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம். "பாத்தியளா டீச்சர், நீங்க யாருக்காகச் சண்டை போட்டியளோ, அவ்வோளே..."

"நான் சண்டை போட்டது பிள்ள இந்தப் பள்ளிக்கொடத்துல இருக்கணும்னுதான் சார். எந்த ரூம்ல இருக்கணும்னு இல்ல. குடுங்க" என்றேன்.

பிரிவு மாற்றுவதற்கு வகுப்பாசிரியர் கையெழுத்து வேண்டும். மனுவை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன். 'இந்த டீச்சர் வேண்டாம்' என்பதை இரண்டு தடவை படித்தேன். அதில் ஒரு தப்பும் இல்லை. கையெழுத்துப் போட்டேன். மாரிச்செல்வி என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.  அது அவள் உரிமை.

இசக்கி வகுப்புக்கு வந்து பையை எடுத்துக்கொண்டாள். வாசல் வரை போய்த் திரும்பினாள். "நீங்களும் வாரியளா டீச்சர்?"

"நான் இங்கதான் பிள்ள இருப்பேன். நீ போ, மணி அடிச்சிட்டு."

பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே சிவப்புக் கோடு இழுத்தேன். முப்பது பேர். பக்கத்து வகுப்புக்கும் எனக்கும் நடுவில் ஒரு தட்டிதான் மறைப்பு. மூன்றாவது பீரியடில் ஆ பிரிவு டீச்சர் எதையோ கேட்க, பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து ஏதோ சொல்ல, அத்தனை குரலுக்கும் மேலே ஒரு குரல், "இல்ல டீச்சர், எனக்கு வேற வழி தெரியும்" என்றது.

என் பிள்ளைகளைச் சத்தம் போடாமல் இருக்கச் சொல்லிவிட்டு நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.